நான்காவது ஆள் இல்லையா? இணையத்தில் ‘பிரிட்ஜ்’ பழகலாம்

வெற்றுத்தளத்து மேசையில் மூவர் அமர்ந்து நான்காவது ஆளுக்காகக் காத்திருக்கும் காட்சி பலருக்கும் பழக்கமானது. சீட்டுக்கட்டு இருக்கும், நேரமும் இருக்கும். ஆனால், நண்பர் ஒருவர் வேறு வட்டாரத்திற்கு வீடு மாறியிருப்பார் அல்லது முழங்கால் வலியால் வெளியே வர முடியாமல் இருப்பார்.

நால்வர் கட்டாயம் தேவைப்படும் ‘பிரிட்ஜ்’ ஆட்டத்தில் அந்தக் குறையை இணையம் பெருமளவு தீர்த்து வைக்கிறது. புதிதாகக் கற்போருக்கு இன்னொரு வசதியும் உண்டு. தவறான சீட்டை இறக்கிவிட்டு எதிரே இருப்பவரிடம் திட்டு வாங்கவேண்டியதில்லை.

பள்ளியில் ஆடியது வேறு

தொடக்கக் கல்லூரியிலும் தேசிய சேவைக் காலத்திலும் சிங்கப்பூரர்கள் பலர் ஆடிய பிரிட்ஜ், உலகப் போட்டிகளில் ஆடப்படும் ‘கான்ட்ராக்ட் பிரிட்ஜ்’ அன்று. உள்ளூர் ஆட்டத்தில் ஏலத்தை வென்றவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அதை வைத்திருப்பவரே அவருடைய கூட்டாளி. அவர் யார் என்பது அந்தச் சீட்டு மேசைக்கு வரும்வரை மற்றவர்களுக்குத் தெரியாது.

‘கான்ட்ராக்ட்’ முறையில் எதிரெதிரே அமரும் இருவர் தொடக்கத்திலிருந்தே கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டுகள். ஒரு சுற்றில் நால்வரும் தலா ஒரு சீட்டு இறக்கவேண்டும். முதலில் இறங்கிய இனம் கையில் இருந்தால் அதையே போடவேண்டும். துருப்புச் சீட்டு இறங்கினால் அதில் உயர்ந்தது வெல்லும். இல்லையேல் முதலில் இறங்கிய இனத்தில் உயர்ந்தது வெல்லும்.

இலங்கைத் தமிழர்கள் ஆடும் 304 தெரிந்தவர்களுக்கு ஏலமும் துருப்பும் புதியவை அல்ல. ஆனால், பிரிட்ஜில் ஏஸ்தான் உயர்ந்தது. அடுத்து ராஜா, ராணி, ஜாக் என்று வரிசை இறங்கும்.

ஏலம் என்பது ஓர் உரையாடல்

புதியவர்கள் தடுமாறும் இடம் ஏலம். ஏலத்தில் சொல்லும் எண்ணுடன் 6ஐக் கூட்டினால், வெல்வதாக வாக்களிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கும். ‘1 ஸ்பேட்’ என்றால் ஸ்பேட் துருப்பாக 7 சுற்றுகள், ‘4 ஸ்பேட்’ என்றால் 10 சுற்றுகள்.

கையின் பலத்தை அறிய ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 எனப் புள்ளிகள் கணக்கிடப்படும். கட்டு முழுவதற்கும் மொத்தம் 40 புள்ளிகள். பொதுவாக 12 அல்லது 13 புள்ளிகள் இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம்.

ஒருவரிடம் 13 புள்ளிகளும் ஐந்து ஸ்பேட் சீட்டுகளும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘1 ஸ்பேட்’ என்கிறார். எதிரே இருப்பவரிடம் 13 புள்ளிகளும் மூன்று ஸ்பேட் சீட்டுகளும் உள்ளன. இருவரிடமும் சேர்த்து 26 புள்ளிகள், எட்டு துருப்புகள். 10 சுற்றுகளுக்கு முயலலாம் என்று இருவரும் ஒரு சீட்டைக்கூடக் காட்டாமலே புரிந்துகொள்கின்றனர்.

ஏலத்தை வென்ற இணையில் அந்தத் துருப்பை முதலில் சொன்னவரே ஆட்டத்தை நடத்துவார். அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்கியதும் கூட்டாளியின் சீட்டுகள் மேசையில் விரிக்கப்படும். அந்தக் கைக்கு ‘டம்மி’ என்று பெயர். ஆட்டத்தை நடத்துபவர் இரு கைகளையும் சேர்த்து ஆடுவார்.

எங்கே தொடங்குவது?

‘பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்’ உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்படும் தளம். கணினியிலும் கைப்பேசியிலும் ஆடலாம். இலவசமாகப் பதிவுசெய்து பயனர் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில போட்டிகளுக்கும் கூடுதல் வசதிகளுக்கும் மட்டும் கட்டணம் உண்டு. ‘ஃபன்பிரிட்ஜ்’ செயலியில் ரோபோக்களுடன் ஆடி, அதே சீட்டுகளைப் பிறர் எப்படி ஆடினர் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் வாரம் ரோபோக்களுடன் ஆடுவது நல்லது. தவறான இனத்தை இறக்கக் கணினி விடாது. பயிற்சி மேசையில் ரோபோ கேட்ட ஏலத்தைத் தொட்டால் அதன் பொருள் திரையில் தெரியும். அதை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பதே பெரிய பாடம்.

அடுத்து, அனுபவசாலிகள் ஆடும் மேசையில் பார்வையாளராக அமரலாம். பிறகு, தொடக்கநிலை ஆட்டக்காரர் என்று சுயவிவரத்தில் குறிப்பிட்டுவிட்டு மனிதர்களுடன் ஆடத் தொடங்கலாம். முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும்போது ‘ஸ்டாண்டர்ட் அமெரிக்கன்’ ஏலமுறையைப் பெரும்பாலும் பின்பற்றுகின்றனர். அதன் அடிப்படையை மட்டும் அறிந்தாலே முதல் சில மாதங்களை ஓட்டிவிடலாம்.

மனத்தில் கொள்ளவேண்டியவை

ஆட்டத்தின் பாதியில் வெளியேறினால் மற்ற மூவரின் ஆட்டமும் கெடும். நேரம் இல்லையென்றால் மேசையில் அமராமல் இருப்பதே மரியாதை.

கூட்டாளி அதே வீட்டில் இருந்தாலும், கைப்பேசி அழைப்பில் இருந்தாலும், கையில் உள்ள சீட்டைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. ஏலத்தின் வழியாகவும் இறக்கும் சீட்டின் வழியாகவும் மட்டுமே பேசவேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் உயிர்நாடி.

சீட்டு என்றாலே சூதாட்டம் என்ற தயக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. பிரிட்ஜுக்குப் பந்தயப் பணம் தேவையே இல்லை. ஒரே சீட்டுகளை வெவ்வேறு மேசைகளில் ஆடவைத்து ஒப்பிடும் போட்டிகளில் ‘நல்ல சீட்டு வந்தது’ என்ற அதிர்ஷ்டத்தின் பங்கும் குறைகிறது. சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் பணம் வைத்து ஆட நிபந்தனைகளுடன் இடமளித்தாலும் அதையே இணையம்வழி செய்ய இடமளிக்கவில்லை. எனவே, பணம் கட்டி ஆட அழைக்கும் குறுந்தகவல்களைப் பொருட்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பானது.

60 வயதில் தங்கம்

பிரிட்ஜ் முதன்முறையாக ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்திற்குரிய விளையாட்டாக இடம்பெற்றது 2018ல், ஜகார்த்தாவில். ஆண்கள் குழுப் பிரிவில் சிங்கப்பூர் தங்கம் வென்றது. ஆண்கள் இணையர் பிரிவில் தங்கம் வென்ற இந்தியாவின் பிரணாப் பர்தனுக்கு வயது 60, அவருடைய கூட்டாளி ஷிப்நாத் சர்க்காருக்கு 56.

பதக்கம் எல்லாருக்கும் இலக்காக இருக்கவேண்டியதில்லை. வீட்டில் தனித்திருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, செயலியைப் பதிவிறக்கி, முதல் சில ஆட்டங்களில் பக்கத்தில் அமர்ந்தால் போதும். வீடு மாறிப்போன அந்த நான்காவது நண்பரும் இருந்த இடத்திலிருந்தே மீண்டும் மேசைக்கு வரலாம்.