உழவர்க்கு உதவிய ஒட்டுண்ணிக் குளவி

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அதனை அடக்கும் இயற்கை எதிரிகள் இங்கு இல்லாமையால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரிப் பயிர்களில் விரைந்து பரவியது. உடலை மூடிய மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தது. மல்பெரியில் நஞ்சு தெளித்தாலோ, அவ்விலையை உண்ணும் பட்டுப்புழுவும் மடியும்.

எனவே 2010ஆம் ஆண்டு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசிரோபேகஸ் பப்பாயே' என்னும் ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. பெங்களூருவில் ஆய்வு முடிந்தபின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனைப் பெருக்கி உழவர்க்கு வழங்கியது.

இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே உண்டு வளர்ந்து குளவியாகும். இவ்வாறு பூச்சியின் பெருக்கம் அடங்கியது. குளவி விட்ட வயலில் நஞ்சு தெளிப்பது, காவலனைக் கொன்று கள்வனை வளர்ப்பதாகும்.