சிங்கக்குட்டிக்குப் பால் புகட்டுவது காட்டுயிர்ப் படிப்பா? தென்னாப்பிரிக்கா கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் மாணவர் கூட்டம் ஒன்று தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகிறது. சுற்றிப் பார்க்க இல்லை, படிக்க. சில வாரங்கள் காட்டிலேயே தங்கி, காட்டுயிர்களையும் அவற்றைப் பாதுகாக்கும் முறைகளையும் கற்றுக்கொள்ளும் குறுகிய காலப் படிப்புகள் அங்கே ஏராளம். சிலவற்றைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. அவற்றை முடித்தால் பட்டப்படிப்பில் ‘கிரெடிட்’ சேரும். மற்றவற்றைத் தனியார் நடத்துகிறார்கள். கையில் ஒரு சான்றிதழும் போன் நிறைய போட்டோவும் மிஞ்சும். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டுக்கும் கட்டணம் டாலரில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

பெயர்தான் கோடைப் படிப்பு. ஜூன், ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். விடியற்காலையில் திறந்த ஜீப்பில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. ஆனால் காட்டைப் படிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. மழை இருக்காது. புல் காய்ந்து கிடப்பதால் விலங்குகள் கண்ணில் படும், தண்ணீர் தேடி அவையே குட்டைக்கு வரும், கொசுவும் குறைவு. விலங்குகளை மயக்கிப் பிடிக்கும் வேலைகளையும் பெரும்பாலும் இந்தக் குளிர் மாதங்களில்தான் வைத்துக்கொள்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் மயக்க ஊசி போட்டால் உடல் சூடேறி விலங்கு செத்தே போகலாம்.

சரி, இதில் சிக்கல் எங்கே? சிங்கக்குட்டியில் இருக்கிறது.

குட்டி யாருடையது?

‘தாயை இழந்த சிங்கக்குட்டிகளை வளர்க்க உதவுங்கள்’ என்றுதான் பல தனியார் திட்டங்கள் மாணவர்களை அழைத்தன. புட்டியில் பால் கொடுக்கலாம், மடியில் போட்டுத் தூங்க வைக்கலாம். வளர்ந்ததும் காட்டில் விடப்படும் என்று சொல்லப்படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டு முழுக்க, அதுவும் ஒவ்வொரு மாணவர் அணி வரும்போதும், பால்குடி மாறாத அநாதைக் குட்டிகள் தவறாமல் எப்படிக் கிடைக்கும்?

பதில் எளிது: அவை அநாதைகள் அல்ல. பண்ணையில் பிறந்தவை. பிறந்து சில நாட்களிலோ சில வாரங்களிலோ தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. காட்டில் ஒரு பெண் சிங்கம் குட்டிகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுத்தான் அடுத்த ஈற்றுக்குத் தயாராகும். அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். குட்டியை எடுத்துவிட்டால் சீக்கிரமே மறுபடி சினைக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 110 நாட்கள்தான். கணக்கு போட்டுப் பார்த்தால், பால் புட்டியோடு வரும் மாணவருக்குக் குட்டி ஒருபோதும் தட்டுப்படாது.

குட்டி சில மாதங்களில் மடியில் அடங்காத அளவுக்கு வளரும். அதன்பிறகு ‘சிங்கத்தோடு நடைபயணம்’. அதற்கும் மேல் வளர்ந்தால் ஆபத்து. எனவே ஆண் சிங்கங்கள் பல, வேலி போட்ட நிலத்தில் காசு கொடுத்துச் சுடுபவர்களுக்கு விற்கப்பட்டன. எலும்புகள் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயின. அங்கே புலி எலும்புக்கு மாற்றாக அவற்றுக்குச் சந்தை இருந்தது. 2017இல் தென்னாப்பிரிக்க அரசே 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய ஒதுக்கீடு கொடுத்தது. 2017, 2018 ஆண்டுகளின் ஒதுக்கீடுகள் சட்டவிரோதம் என்று 2019இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தத் தொழிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது 2015இல் வெளியான ‘பிளட் லயன்ஸ்’ ஆவணப்படம். புட்டிப்பால் கொடுக்கக் காசு கட்டி வந்த இளைஞர்களுக்கும் இந்தச் சங்கிலியில் ஒரு பங்கு இருப்பதை அது காட்டியது. பாவம், அவர்களில் பெரும்பாலோர் நல்லது செய்வதாக நம்பித்தான் வந்தவர்கள்.

கூண்டில் 8,000, காட்டில்?

தென்னாப்பிரிக்காவில் 300க்கும் மேற்பட்ட பண்ணைகளில் ஏறக்குறைய 8,000 சிங்கங்கள் அடைபட்டிருக்கின்றன. அந்நாட்டுக் காடுகளில் இருப்பவை அதில் பாதிகூட இல்லை. ‘அப்படியானால் பண்ணைச் சிங்கத்தைக் காட்டில் விட்டுவிடலாமே’ என்று தோன்றும்.

அது நடப்பதில்லை. மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்துக்கு மனிதரிடம் பயம் கிடையாது. ஊருக்குப் பக்கத்தில் அதை விடுவது யாருக்கும் நல்லதல்ல. கூட்டமாக வாழவும் அதற்குப் பழக்கமில்லை. அதைவிட முக்கியமான காரணம், அதற்குத் தேவையே இல்லை. 2015இல் ருவாண்டாவின் அககேரா பூங்காவில் சிங்கங்களை மீண்டும் குடியேற்றியபோது 7 சிங்கங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து போயின. அவை பண்ணையிலிருந்து போகவில்லை. காப்பகங்களில் சுதந்திரமாகத் திரிந்த சிங்கங்கள் அவை. வேலியிட்ட சிறிய காப்பகங்கள் பலவற்றில் சிங்கங்கள் பெருகி, கருத்தடை செய்ய வேண்டிய நிலைகூட வந்திருக்கிறது. பற்றாக்குறை நிலத்துக்குத்தான், சிங்கக்குட்டிக்கு அல்ல.

இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2021 மே மாதம், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி அறிவித்தார். அரசு அமைத்த உயர்நிலைக் குழு சொன்னதும் அதுதான். அறிவிப்பு வந்தாலும் பண்ணைகளை மூடும் வேலை ஆமை வேகம்தான். 8,000 சிங்கங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

அப்படியென்றால் விலங்கைத் தொடவே கூடாதா?

அப்படி ஒரே வரியில் முடித்துவிட முடியாது. காண்டாமிருகத்தின் கதை வேறு.

கள்ளவேட்டையில் 2014ஆம் ஆண்டு மட்டும் தென்னாப்பிரிக்கா 1,215 காண்டாமிருகங்களை இழந்தது. க்ரூகர் தேசியப் பூங்கா ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. அங்கே 2010 வாக்கில் 10,000க்கும் மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள், 2020இல் சுமார் 2,600 ஆகச் சுருங்கின. அதனால் பல காப்பகங்கள் கொம்பைத் தாங்களே வெட்டிவிடத் தொடங்கின. கொம்பு இல்லாவிட்டால் கொல்ல வேண்டிய காரணமும் இல்லை அல்லவா?

ஹெலிகாப்டரிலிருந்து கால்நடை மருத்துவர் மயக்க ஊசி செலுத்துகிறார். எட்டார்ஃபின் என்ற மருந்து. மனித உடலில் துளி பட்டாலே ஆபத்தானது. சில நிமிடங்களில் விலங்கு தடுமாறி விழும். கண்ணைக் கட்டி, காதை அடைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைக்கிறார்கள்; இந்த மருந்து மூச்சை மந்தமாக்கும். அடிப்பகுதியில் உயிருள்ள திசு இருப்பதால் அதைத் தொடாமல், மேல்பகுதியை மட்டும் செயின் ரம்பத்தால் அறுக்கிறார்கள். நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் கொம்பும். நகம்போலவே மறுபடி வளரும். எனவே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதே வேலை திரும்பவும் வரும்.

காட்டுயிர் மருத்துவப் படிப்புகளில் சேரும் மாணவர்கள் இங்கே மூச்சை எண்ணுகிறார்கள், உடல் வெப்பத்தைப் பார்க்கிறார்கள், மரபணு மாதிரி எடுக்க உதவுகிறார்கள். சில இடங்களில் அவர்கள் கட்டும் பணம் ஹெலிகாப்டர் செலவுக்கே போகிறது. இதனால் பலன் உண்டா? க்ரூகரையும் சுற்றியுள்ள 11 காப்பகங்களில் 2017 முதல் 2023 வரையிலான தரவுகளை வைத்து நடந்த ஆய்வு, 2025இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கொம்பு வெட்டியதால் கள்ளவேட்டை 78 சதவீதம் குறைந்ததாக அது சொல்கிறது. கொம்பின் அடிக்கட்டைக்காகவும் சில விலங்குகள் கொல்லப்பட்டன என்பது அதன் மறுபக்கம்.

இரண்டு இடத்திலும் மாணவர் விலங்கைத் தொடுகிறார். ஆனால் மாணவர் வராவிட்டாலும் அந்தக் காண்டாமிருகத்துக்குக் கொம்பு வெட்டித்தான் ஆக வேண்டும். மாணவர் வராவிட்டால் அந்தச் சிங்கக்குட்டி தாயிடம் இருந்திருக்கும். ஒரு படிப்பை எடைபோட இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது: ‘நான் காசு கட்டாவிட்டாலும் இந்த விலங்குக்கு இது நடக்குமா?’ கொம்பு வெட்டுவதையும் இந்தக் கேள்வியிலிருந்து விட்டுவிட வேண்டியதில்லை. அணி வரும் தேதிக்காகவே ஊசி போடப்படுகிறதா, மருத்துவர் குறித்த தேதியில் மாணவர் போய்ச் சேர்கிறாரா என்று தாராளமாகக் கேட்கலாம்.

புல்லை அளப்பவர்கள்

உண்மையான படிப்பின் பெரும்பகுதி போட்டோவுக்கு லாயக்கில்லாதது. க்ரூகரில் 1954 முதல் நடந்துவரும் ஒரு தீப் பரிசோதனை உண்டு. ஒரு திட்டு ஆண்டுதோறும் எரிக்கப்படும், இன்னொன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மற்றொன்று எரிக்கப்படுவதே இல்லை. அங்கே குனிந்து புல்லின் உயரத்தை அளந்தால்தான் மரம் எங்கே பெருகுகிறது, ஏன் பெருகுகிறது என்று புரியும். 1963இல் தொடங்கப்பட்ட, கோஸ்டா ரிகாவில் வேரூன்றிய ‘வெப்பமண்டல ஆய்வு அமைப்பு’ போன்றவை க்ரூகரில் நடத்திய மாணவர் படிப்புகள் இந்த வகை. சாணம் எண்ணுவது, கேமராப் பொறியில் விழுந்த படங்களைப் பிரிப்பது, புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டுவது என்று நாள் போகும்.

நல்லெண்ணம் எப்படிக் கெடுதலாகும் என்பதற்கும் க்ரூகரே பாடம். விலங்குகள் தவிக்கின்றனவே என்று ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுச் செயற்கைக் குட்டைகள் வெட்டினார்கள். வடக்கே தண்ணீர் வந்ததும் வரிக்குதிரைகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வந்தன. அங்கே உயரமான புல்லில் வாழ்ந்துவந்த ரோன் என்ற பெரிய இரலை இனம் மாட்டிக்கொண்டது. 1986இல் 450 அளவில் இருந்தது, 1993இல் 50க்கும் கீழே போனது. பிறகு குட்டைகளை மூடினார்கள். ரோன் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

பாடத்திட்டத்தில் மனிதர்கள் இருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். க்ரூகரின் வடகோடியில் பஃபூரி பகுதி இன்று வழிகாட்டிப் பயிற்சிகள் நடக்கும் அழகான இடம். 1969இல் அங்கிருந்த மகுலெகே மக்களை நிறவெறி அரசு வெளியேற்றி, அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. அவர்கள் வழக்காடி 1998இல் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே மறுபடி ஊர் அமைக்காமல், காடாகவே வைத்துச் சுற்றுலா வருமானம் பார்க்க முடிவெடுத்தார்கள். இதைச் சொல்லாமல் அங்கே யானைத் தடம் மட்டும் காட்டினால் அது பாதிப் படிப்புதான்.

சேரும் முன்

கிரெடிட் தரும் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டு விசாரிப்பது முதல் வேலை. இணையதளத்தில் லோகோ இருப்பதை நம்பக் கூடாது. குட்டி எங்கே பிறந்தது, தாய் எங்கே, சென்ற ஆண்டுக் குட்டிகள் இப்போது எங்கே என்று கேட்டால் உண்மையான சரணாலயம் பதில் சொல்லும். சரணாலயம் இனப்பெருக்கம் செய்யாது, விற்காது. ‘காட்டில் விட்டோம்’ என்றால் எந்தக் காட்டில், எந்த ஆண்டு என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்கச் சுற்றுலா நிறுவனங்களின் சங்கமான சாட்சா 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிங்கக்குட்டியைக் கொஞ்சுவதையும் சிங்கத்தோடு நடப்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. விளம்பரத்தில் அந்தப் படம் இருந்தாலே பக்கத்தை மூடிவிடலாம்.

தமிழ்நாட்டு மாணவர் லட்சங்களைப் புரட்டும் முன் அருகில் இருப்பதையும் பார்ப்பது நல்லது. மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியில் காட்டுயிர் உயிரியலுக்கே முதுகலைப் படிப்பு இருக்கிறது. டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம் இருக்கிறது. அங்கெல்லாம் கொஞ்சிப் பார்க்கச் சிங்கக்குட்டி தர மாட்டார்கள். சாணம் எண்ணச் சொல்வார்கள்.