ஆற்று நைட்ரேட்: விட்டது யார்?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தில் உள்ள காஹாங்கைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். மரத்தடியில் போடும் யூரியா அடைமழையில் கரைந்து வாய்க்காலுக்கு ஓடிவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஆலைக் கழிவுக் குளம், வீட்டுக் கழிவுத்தொட்டி, மாட்டுச் சாணம் ஆகியவையும் ஆற்றில் கலக்கலாம். எல்லாவற்றிலும் நைட்ரஜன் உண்டு. எல்லாமே நைட்ரேட்டாக மாறும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஆய்வகம் சொல்லும். விட்டது யார் என்பதை அந்த எண் சொல்லாது.

அதற்கு ஐசோடோப்புச் சோதனை வேண்டும்; ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை அது அளக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனில் கனமான நைட்ரஜன்-15 ஆயிரம் அணுவுக்கு நான்கு கூடத் தேறாது. யூரியாவுக்கு மூலப்பொருளே காற்று நைட்ரஜன்தான். ஆகவே விகிதமும் ஏறக்குறைய அதேதான். சாணமும் மலக்கழிவும் அப்படியல்ல. அவை தேங்கிக் கிடக்கையில் அம்மோனியா ஆவியாகிறது. இலேசான அணு முந்திக்கொண்டு பறந்துவிட, கனமானது தங்கிவிடுகிறது. அதிலிருந்து வரும் நைட்ரேட்டில் நைட்ரஜன்-15, காற்றின் விகிதத்தைவிட ஆயிரத்துக்கு 7 முதல் 20 பங்கு வரை கூடியிருக்கும்.

கேட்க எளிது; நடைமுறையில் அப்படியல்ல. 1971இல் உயிரியலாளர் பேரி காமனரின் குழு, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஆற்றுப் படுகை ஒன்றின் நீரில் இருந்த நைட்ரேட்டில் குறைந்தது 55 விழுக்காடு உரத்திலிருந்து வந்தது என்று 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது மண்ணியலாளர்கள் சண்டைக்கே வந்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. மண்ணில் ஏற்கெனவே உள்ள நைட்ரஜனின் விகிதம் உரத்தினுடையதோடு ஒட்டிப்போகும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா நைட்ரேட்டைத் தின்னும்போதும் கனமான அணுவே மிஞ்சும். உர நைட்ரேட் கழிவு போலத் தோன்றும். அதனால்தான் இன்று ஆக்சிஜன்-18ஐயும் சேர்த்து அளக்கிறார்கள். வீட்டுக் கழிவைப் பிரித்தறியப் போரான், காஃபீன் சோதனைகளும் உண்டு. காப்பிக்குப் பேர்போன குளுவாங் மாவட்டத்தில் காஃபீன் ஏமாற்றாது!

2019இல் இதே மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கம் குடிநீர் நிலையம் அம்மோனியாவால் மூடப்பட்டது. அன்றிலிருந்து பேச்செல்லாம் அம்மோனியாதான், நைட்ரேட் அல்ல. மலேசியாவின் நீர்த்தரக் குறியீடு பார்க்கும் ஆறு அளவுகளில் அம்மோனியா நைட்ரஜன் உண்டு, நைட்ரேட் இல்லை. ஆற்றோட்டத்தில் ஆக்சிஜன் பட்டு அம்மோனியா நைட்ரேட்டாகிவிட்டால் குறியீடு உயரும், அதாவது நீர் தேறியதாகக் காட்டும்; நைட்ரஜனோ ஆற்றிலேயே இருக்கும்.

குழாய்நீரில் நைட்ரேட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறோம். நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆற்றுக் குறியீட்டிலும் அதை ஏழாவதாகச் சேர்க்க வேண்டும்; உரம் போட்டபின் பெய்யும் மழையிலும் வறட்சியிலும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும்.