கெடாவில் ஒரு பள்ளிவாசல்

‘பள்ளி’ என்றவுடன் ஆசிரியர்களாகிய நமக்கு வகுப்பறையே நினைவுக்கு வரும். முன்னாளில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்கும் அதுவே பெயர். தமிழ் முஸ்லிம்கள் தம் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றனர். பேச்சில் வெறும் ‘பள்ளி’ என்றே சொல்வர். அங்கே தொழுகையோடு சிறுவர்க்கு ஓதக் கற்பிப்பதும் நடப்பதால், பெயர் நன்கு பொருந்திவிட்டது.

கெடாவில் பள்ளிவாசல் என்றால் அலோர்ஸ்டார் நடுவே நிற்கும் ஜாஹிர் பள்ளிவாசலை யாவரும் அறிவர். 1912இல் வேலை தொடங்கி, 1915 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமையன்று சுல்தான் அப்துல் ஹமீத் ஹலீம் ஷா இதனைத் திறந்து வைத்தார். கட்டுவித்தவர் துங்கு மஹ்மூத். சுமத்திராவின் லங்காட்டில் 1902இல் எழுந்த அஸீஸி பள்ளிவாசலே இதற்கு முன்மாதிரி. நடுமண்டபம் 62 அடிச் சதுரம், சுற்றிலும் தாழ்வாரம். கரிய குவிமாடங்கள் ஐந்தும் இஸ்லாத்தின் ஐங்கடமைகளைக் குறிப்பன என்பர்.

இடமும் கருதத்தக்கது. 1821இல் சயாம் படையை எதிர்த்து மாண்ட கெடா வீரர்களின் அடக்கத்தலம் இது. சயாமின் மேலாண்மையிலிருந்து கெடா பிரிட்டிஷார் கைக்கு மாறியது 1909இல். மூன்றே ஆண்டில், அவ்வீரர்களின் மண்மீது அரசகுலத்தார் இவ்வளவு பெரிய பள்ளிவாசலை எழுப்பியது தற்செயல் அன்று என்பதே எம் கருத்து. கொடி மாறினாலும் சமயம் தம் கையில் என்று சொல்லாமற் சொல்லிவிட்டனர். ஆண்டுதோறும் மாநிலத் திருக்குர்ஆன் ஓதும் போட்டி நடந்துவந்ததும் இங்கேதான்.

தோட்டப்புறத்துக்கு வருவோம். அங்கே உள்ளது சூராவ் என்னும் சிறு தொழுமிடம். அன்றாடத் தொழுகை அங்கே நடைபெறும். வெள்ளிக்கிழமைத் தொழுகையோ பெரும்பாலும் பள்ளிவாசலுக்கே உரியது. மலாய்க்காரர் பின்பற்றும் ஷாஃபி வழியில், ஊரில் நிலையாக வாழும் வயதுவந்த ஆண்கள் நாற்பதின்மர் கூடினால்தான் அத்தொழுகை கூடும். மரைக்காயரும் இவ்வழியினரே. இராவுத்தர் பின்பற்றும் ஹனஃபி வழியில் இமாமைத் தவிர மூவர் போதும். தோட்டத் தமிழரில் முஸ்லிம்கள் மிகச் சிலர். அவர்களுட் பெரும்பாலோர் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் போன்ற ஊர்களிற் கடை வைத்து வாழ்ந்தவர். ஆகவே தோட்டத்தில் தனித்திருந்த குடும்பத்துக்கு, வாரம் ஒருமுறை தம்மவர் முகம் காணும் இடம் நகரத்துப் பள்ளிவாசலாயிற்று. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. (தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியடிக்கக் கேட்டுத் திகைப்பதுண்டு.)

இனித் தமிழின் நிலை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் சமயவுரை தமிழில் நிகழ்வது பலரும் அறிந்ததே. பினாங்கில் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்களுடையது. கெடாவிலோ உரை மலாய்மொழியில். கூடுவோரிற் பெரும்பாலோர் மலாய்க்காரராதலின் அது இயல்பே. ஆயினும் தமிழ்ச்சிறுவன் சமயத்தை முற்றிலும் மலாயிலேயே கற்கும்போது, தொழுகை, நோன்பு, பெருநாள் என்ற சொற்கள் பாட்டியின் வாய்மொழியாக மட்டும் எஞ்சிவிடும். இவை தமிழ்ப் பாடநூலிலும் வகுப்பிலும் இயல்பாகப் புழங்கினால், அவன் தமிழைப் பிறர் வீட்டு மொழி என எண்ணமாட்டான்.

அவன் அறியாத உறவொன்றும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்திலேயே தமிழை எழுதினர்; அதற்கு அர்வி என்று பெயர். மலாய்க்காரர் தம் மொழியை எழுதிய அரபு எழுத்து ஜாவி. அரபியில் இல்லாத ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிப் புது எழுத்தமைத்தனர் இருவரும். சமயம் கற்றவரை மலாயில் ‘லெபாய்’ என்பதும் நம் ‘லெப்பை’யே. கடை ‘கெடாய்’ ஆனதும் கப்பல் ‘கப்பால்’ ஆனதும் கடாரத்துக் கரையில் வணிகர் விட்டுச் சென்றவை. ஜாவி படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாட்டனாரின் அர்வி நூலைக் கொடுத்தால், சிறிது தடுமாறி எழுத்துக்கூட்டி விடுவான். தான் படிப்பது தமிழ் என்பதை அருகிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருக்கும்.