மாசாமாசம் காசு கட்டுறோம்... ஆனா, கேம் ஏன் போரடிக்குது?

2004 நவம்பரில் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆன்லைன் கேமுக்கு மாதச் சந்தா சுமார் 15 டாலர். 2010-ல் 1.2 கோடி பேர் சந்தா கட்டி ஆடினார்கள். 2015-ல் அது 55 லட்சமாகக் குறைந்தது. வருஷக்கணக்கா ஆடினவங்களுக்கே ஏன் சலிப்பு?

முதல் காரணம், முடிவே இல்லாத ஓட்டம். ராத்திரி கண்முழிச்சு, வாரக்கணக்கில் போராடி வாங்கிய வாளும் கவசமும், புது எக்ஸ்பான்ஷன் வந்ததும் செல்லாக்காசு. மறுபடியும் முதல்ல இருந்து!

இரண்டாவது, ஆட்கள். ஆரம்பத்தில் 'மோல்ட்டன் கோர்' ரெய்டுக்கு 40 பேர் வரை கூடுவார்கள். 'ஹீலர் வேணும்'னு ஆள் தேடும்போதே நட்பு உருவாச்சு. 2009 டிசம்பரில் வந்த 'டஞ்சன் ஃபைண்டர்', முன்பின் தெரியாத 5 பேரைத் தானாகவே குழுவாக்கியது. காத்திருப்பு குறைஞ்சது, பேச்சும்தான். வேலை, கல்யாணம், குழந்தைனு பழைய நண்பர்களும் ஒவ்வொருத்தராகக் கிளம்ப, கில்டே காலி.

2019-ல் பழைய கேம் 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பி வந்தது. மேப் அதேதான். கூட ஆடினவங்க?

போரடிச்சா குற்ற உணர்ச்சி வேண்டாம். சந்தாவை நிறுத்தினாலும் உங்க கேரக்டர் அப்படியே இருக்கும். நண்பர்களோட போன் நம்பரை மட்டும் மறக்காம வாங்கி வச்சுக்கோங்க!