'கிவ் அப்': கைவிடலும் விட்டுக்கொடுத்தலும்

ஆங்கிலத்தில் நம் மாணவரை மிகவும் அலைக்கழிப்பவை நெடிய சொற்கள் அல்ல. 'கிவ்', 'டேக்', 'புட்' முதலிய குறுவினைகளே. இவற்றின்பின் 'அப்', 'ஆஃப்', 'இன்' என ஒரு சிறுசொல் வந்து சேர்ந்ததும் பொருள் வேறாகிவிடுகிறது. 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்' என்பதனைப் 'புகையை மேலே கொடுத்தான்' என மாணவர் ஒருவர் பெயர்த்திருந்தார். விடைத்தாளைக் கண்டு நகைத்தேன். சொல்லுக்குச் சொல் நோக்கின் அவர்மீது குற்றமில்லை என உணர்ந்தபின் நகைப்பு அடங்கிற்று. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அயல்மொழியினர்க்குப் பேரிடர் தருவன இக்கூட்டுவினைகள் என அதன் முன்னுரையில் கூறியுள்ளார். 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயரோ 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியே பரவியது.

தமிழர்க்கு இத்தகைய நுட்பம் புதிதன்று. 'பேருந்தை விட்டுவிட்டேன்' எனின் பேருந்து போய்விட்டது. 'பேருந்தில் குடையை விட்டுவிட்டேன்' எனின் போனது குடை. பெரியாற்று அணையில் நீரைத் திறந்துவிடுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் உழவர் நாற்று விடுகின்றனர். பள்ளிக்கு விடுமுறை விடுகின்றனர். எந்த 'விடு' எப்பொருளது என நாம் அகராதியைப் புரட்டுவதில்லை.

இனி 'கிவ் அப்' என்பதற்கு வருவோம். அணையில் நீர் குறைந்த ஆண்டில் உழவர் ஒருவர் இரண்டாம் போகத்தைக் கைவிடுகிறார். வேறொருவர், கடைமடையில் வாடும் பயிருக்காகத் தம் முறைத்தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார். முன்னது இழப்பு, பின்னது ஈகை. ஆங்கிலம் இரண்டனையும் 'கிவ் அப்' என்றே கூறும். தமிழோ பிரித்துக் காட்டும். ஆகவே பெயர்ப்பவர் முதலில் வினவ வேண்டியது ஒன்று: விட்டதனைப் பெறுபவர் உளரா? முதியவர்க்கு இருக்கையை 'கிவ் அப்' செய்தல் விட்டுக்கொடுத்தல், பெறுபவர் உண்டு. புகைப்பழக்கத்தைப் பெறுவார் எவருமிலர். எனவே அது விட்டுவிடுதல். இவ்வேறுபாட்டை மறந்து, இருக்கையைக் 'கைவிட்டார்' என எழுதினால் அவருடைய பண்பே மறைந்துபோகும்.

குற்றவாளி தன்னையே 'கிவ் அப்' செய்தால் சரணடைதல். உடன் இருந்தவரின் பெயரைக் காவலரிடம் அவ்வாறு செய்தால் காட்டிக்கொடுத்தல். நம்பிக்கையை எனின் இழத்தல். விடுகதைக்கு விடை தோன்றாதவர் 'ஐ கிவ் அப்' என்றால், 'தோற்றேன், நீயே சொல்லிவிடு' என்பது கருத்து.

இலக்கணத்தில் இருவிடத்து விழிப்பு வேண்டும். இதன்பின் மற்றொரு வினை வருமாயின் அது 'இங்' ஈறு பெறும். 'கிவ் அப் டு ஸ்மோக்' என்பது வழு. பதிலிப்பெயர் வருமாயின் நடுவில் நிற்கும். 'கிவ் இட் அப்' என்க, 'கிவ் அப் இட்' என்னற்க.

'கிவ் இன்' என்பதனை இதனோடு மயங்குவாரும் பலர். தின்பண்டம் கேட்டுப் பிள்ளை அடம்பிடிக்கிறது. தந்தை மனமிளகி வாங்கித் தந்தால், அவர் செய்தது 'கிவ் இன்'. அவர் அசையாதிருக்கப் பிள்ளை அழுது ஓய்ந்துவிட்டால், பிள்ளை செய்தது 'கிவ் அப்'.