கொழுந்தின் ஈரமும் விறகின் ஈரமும்

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் கணக்கில் பெரும்பங்கு, பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளைப் பகுதிகளிலிருந்து கொழுந்தும் விறகும் ஏற்றிவரும் லொறிகளிலேயே முடிவாகிவிடுகிறது.

தேயிலை ஆக்குவது அடிப்படையில் நீரை அகற்றும் வேலை. கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் நீர் என்பதாலும், ஆக்கிய தேயிலையில் ஏறத்தாழ 3 சதவீதமே எஞ்ச வேண்டும் என்பதாலும், 1 கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரை கிலோ கொழுந்து செலவாகிறது. அந்த நீரின் ஒரு பகுதி, கொழுந்தைப் பரப்பிக் காற்றூட்டும் வாட்டத்தில் போகிறது. மீதியைப் போக்குவது உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்று, ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதோடு வாட்டத்தையும் எளிதாக்குகிறது. மழை மாதங்களில் சுமை முழுதும் உலையின் மேல் விழுகிறது.

அந்த உலைக்குப் பெரும்பாலும் விறகுதான் எரிபொருள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையிலும் ஏறத்தாழப் பாதி நீர் என்பதால், அதை அப்படியே உள்ளே தள்ளினால், கொழுந்தை உலர்த்த வேண்டிய வெப்பம் முதலில் விறகை உலர்த்தச் செலவாகி, கூடுதல் மரம் எரிவதும் புகைபோக்கியில் கரும்புகை கிளம்புவதுமே மிச்சம். மரத்தைப் பிளந்து, கூரையின் கீழ் காற்றுப் புகும்படி அடுக்கி, மாதக்கணக்கில் காயவைத்துத் தரும் விறகு வியாபாரி, உலை மூட்டப்படும் முன்பே புகையைக் குறைத்துவிடுகிறார். எடைக்கு விலை பேசும் இடத்திலோ, காயவைத்தவருக்கே நட்டம். தொழிற்சாலை நீரைக் காசு கொடுத்து வாங்கி, அதை ஆவியாக்க மீண்டும் காசு கொடுக்கிறது.

கொழுந்து லொறியோடு வரும் களைகொல்லி விஷயம் இன்னும் சிக்கலானது. ஆக்கும் வழியில் எந்த இடத்திலும் கொழுந்து கழுவப்படுவதில்லை என்பதால், தோட்டத்தில் தெளித்ததன் எச்சத்தைத் தொழிற்சாலையால் நீக்க முடியாது. 2015இல் கிளைபோசேட் என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டபின் மாற்றாகப் பயன்பட்ட எம்.சி.பி.ஏ. என்னும் களைகொல்லியின் எச்சம் ஜப்பான் சந்தையில் சிக்கலாக, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. மழைக்காடு கூட்டணி (Rainforest Alliance) போன்ற அமைப்புகளின் சான்றிதழ்கள், கொழுந்து வந்த தோட்டம் வரை விசாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் களையைக் கையால் பிடுங்கும் கூலி கொழுந்து விலையில் சேராதவரை, சான்றிதழின் செலவு சிறுதோட்டக்காரர் தலையில்தான் விடியும்.

மழைநாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று எடை கழிப்பது மலையகத் தராசுகளுக்குப் பழகிப்போன வழக்கம். விறகு லொறியிடம் அதே கண்டிப்பைக் காட்ட, ஈரப்பதம் அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றே போதும்.